கூழையனின் கடைசி வாரம்

பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியபோது மணி மூன்று. உள்ளே இருந்த சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் எழுந்து புதிய ரயில் பாலத்தைப் படம் எடுத்தார்கள். நான் மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டு முன் இருக்கையின் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வருடத்துக்கு ஒரு முறைதான் இந்த ஊருக்கு வருவேன். கல்லறைத் திருநாள் அன்று காலையில் வந்து, அய்யாவுக்கும் அண்ணனுக்கும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, நான்கு மணிப் பேருந்தில் மதுரைக்குத் திரும்பிவிடுவேன். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அப்படித்தான். அதற்கு முன்பும், அண்ணன் போன நாளிலிருந்து, மாலையானால் கோயிலுக்கு ஓடிவிடுவேன்; அவன் இல்லாத ஐந்தரை மணிக்கு நான் அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

இந்த முறை திருநாள் இல்லாமலே வந்து தங்க வேண்டியிருந்தது.

முந்தின நாள் ஆன்டனி ராஜ் போன் செய்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரன். அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவன், இப்போது விசைப்படகு ஓட்டுகிறான்.

"ஏ பிரகாசி, ஒங்க மச்சுக் காரை பேந்து ஒங்கம்மா படுக்குற பாயிலயே விழுந்திருக்கு. அது என்னடான்னா பாயத் தள்ளிப் போட்டுக்கிட்டுப் படுக்குது. மழை வேற கட்டி நிக்கிது. வந்து கூட்டிட்டுப் போ."

"நீ சொல்லிப் பாக்கலாம்ல, ஆன்டனிண்ணே?"

"சொல்லப் போயித்தான் வெளக்குமாத்தால வாங்கிக் கட்டிக்கிட்டேன். எம்மக ஆஸ்லின் நின்னு கைதட்டிச் சிரிக்கிறா. ஒரு மருவாதி இல்ல வீட்டுல."

 அவனுக்குப் பின்னால் கரையில் யாரோ எஞ்சினை முடுக்கும் சத்தம் கேட்டது.

"வந்தா வழக்கம்போல நாலு மணிக்கு ஓடிராத. சாயங்காலம் இரு. இருந்து பாத்தாத்தான் ஒங்கம்மா ஏன் வர மாட்டேங்குதுன்னு ஒனக்கு வெளங்கும்."

தெற்குவாடியில் இறங்கி நடந்தேன். வெயில் இல்லை. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு அழிந்து இரண்டும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. உலர்த்தப் போட்டிருந்த கருவாட்டை அள்ளிப் பெண்கள் தார்ப்பாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வீட்டின் வெளிச்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. மாடிக்குப் போகும் படிகளில் கம்பிகள் துருப்பிடித்து விலா எலும்பு போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உப்புக்காற்று நாற்பது வருடமாகத் தின்ற வீடு.

"வந்துட்டியா. கைகால் கழுவிட்டு வா. சூடை மீன் கொழம்பு இருக்கு" என்றாள் அம்மா. லூர்து மேரிக்கு எழுபத்தாறு வயது. கண் பார்வை நன்றாகவே இருக்கிறது. காதுதான் மந்தம். ஆனால் ஐந்தரை மணிக்கு அது மந்தமாக இருப்பதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

கூடத்தில் அந்த டிவி அதே மூலையில் இருந்தது. மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி. சிங்கி இறால் நன்றாகப் பட்ட வருடத்தில் அய்யா வாங்கியது. அது இருட்டாகி முப்பத்தேழு வருடம் ஆகிறது. அதன் தலையில் பின்னல் துணி விரித்து, மாதா சொரூபமும் மெழுகுதிரியும் வைத்திருந்தாள் அம்மா. சொரூபத்துக்குப் பூ வைக்கும் சாக்கில் அவள் தினமும் அந்தக் கண்ணாடியையும் துடைக்கிறாள் என்பது அதன் பளபளப்பில் தெரிந்தது. குனிந்தபோது என் முகம் அதற்குள் சிறியதாகத் தெரிந்தது. நிமிர்ந்துவிட்டேன்.

எங்கள் கரையில் அந்தக் காலத்தில் மெட்ராஸ் டிவி தெரியாது. சிலோன் டிவிதான் தெரியும். நடுவில் கடல் மட்டும் இருந்ததால் அங்கிருந்து படம் நேராக வந்து விழுந்தது. அதற்கும் உயரமான ஆன்டெனா வேண்டும். அய்யா இரண்டு இரும்புக் குழாய்களை ஒட்டுப்போட்டு, மாடித் தரையில் ஒரு தடித்த குழாயைக் காரையில் புதைத்து, அந்தக் குழிக்குள் இதை நிறுத்தினார். காற்று மாறினால் படம் மாறும். அப்போது ஒருவர் மேலே போய்க் குழாயைப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒருவர் கீழே இருந்து சொல்ல வேண்டும். கடற்கரைப் பிள்ளைகள் இடது, வலது என்று சொல்வதில்லை. வடக்கே திருப்ப வேண்டுமென்றால் வாடைக்கு, தெற்கே என்றால் சோழகத்துக்கு. காற்றின் பெயரையே திசையாகச் சொல்வோம்.

"தெரியுதா?"

"தெரியல! வாடைக்குக் கொஞ்சம்!"

"இப்பத் தெரியுதா?"

"போச்சு, போச்சு! சோழகத்துக்குத் திருப்புண்ணே!"

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்தரை மணிக்கு ஒரு வாத்துப் படம் வரும். ஏதோ குளிர் தேசத்தில் களிமண் பொம்மைகளை வைத்து எடுத்தது. கழுத்தில் துண்டு கட்டிய, வால் இல்லாத ஒரு குட்டி வாத்து. தூரத்தில் தெரியும் ஒரு கலங்கரை விளக்கைப் பார்த்து அது நடந்துகொண்டே இருக்கும். வாராவாரம் ஏதாவது குறுக்கே வரும். விளக்கு மட்டும் கிட்டே வராது. பேசுவதெல்லாம் சிங்களம். எழுத்தைப் பார்த்து, "முறுக்குப் பிழிஞ்சு வச்சிருக்கான்" என்பான் அண்ணன். அவன் பெயர் சந்தியாகு. பதினோரு வயது. எனக்கு ஒன்பது.

வால் இல்லாததால் வாத்துக்குக் கூழையன் என்று பெயர் வைத்தவன் அவன்தான். புரியாத பேச்சுக்கு மேல் அவனே பேச்சுப் போடுவான். மூக்கைப் பிடித்துக்கொண்டு கரகரவென்று, "ஏலே வெளக்கு, கண்ண மூடாத. நான் வந்துக்கிட்டே இருக்கேன்" என்பான். தெருப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கும். அவன் மேலே குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கீழே கூழையன் ஊமைபோல இருப்பான். யாருக்கும் சுவைக்காது. அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். முதல் பாதி அவன் மேலே, நான் கீழே. நடுவில் பால்மாவு விளம்பரம் வரும்போது நான் ஏற வேண்டும், அவன் இறங்குவான். படத்தைத் தெளிவாக நிறுத்தியவன்தான் இறங்கலாம் என்பது விதி.

ஒரு பந்தயமும் இருந்தது. கூழையனின் துண்டு என்ன நிறம்? எங்கள் டிவியில் எல்லாமே சாம்பல். பச்சை என்றான் அவன். சிவப்பு என்றேன் நான். தோற்றவர் கடைசி வாரம் முழுக்க மேலே நின்று குழாயைப் பிடிக்க வேண்டும். தெருவில் யாரிடமும் கலர் டிவி இல்லாததால் பந்தயம் முடியாமலே இருந்தது.

நான் மதுரையில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறேன். நாள் முழுவதும் மனிதர்களின் கண் முன் வில்லைகளை மாற்றிப் போடுவதுதான் வேலை. எல்லோரும் கேட்கும் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் நான் கேட்பதில்லை. "எந்த வரி வரைக்கும் படிக்கிறீங்க?" என்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பழைய சிலோன் டிவி பார்த்து வளர்ந்த கரையோரத்துக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வாட்ஸப் குழுவில் என்னையும் யாரோ சேர்த்தார்கள். வேதாளை, மண்டபம், கீழக்கரை ஆட்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் அர்த்தம் தெரியாத பிஸ்கட் விளம்பரப் பாட்டைப் பாடிக் குரல் பதிவாக அனுப்பிக்கொள்வார்கள். ஒருவர் பாட, இன்னொருவர் அழுவார். நான் எதுவும் எழுதியதில்லை. ஒரே ஒரு முறை அந்த வாத்தைப் பற்றிக் கேட்டேன். பலருக்கும் நினைவிருந்தது. பெயர் யாருக்கும் தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு கீழக்கரை மாஷிதா எழுதியிருந்தாள். "அக்கா, நீங்க தேடுன வாத்துப் படம் எங்க வாப்பாவோட பழைய கேசட்டுல இருந்துச்சு. கொழும்புல கடை வச்சிருந்தப்ப எங்களுக்காகப் பதிஞ்சு கொண்டாந்தது. கடைசி வாரம் மட்டும்தான் இருக்கு. அழிஞ்சு போறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்புறேன். பாத்துட்டு அழாதீங்க."

கடையில் ஆள் இல்லாத மதியத்தில் அதைத் திறந்தேன். கலரில் இருந்தது.

துண்டு பச்சை.

பால்மாவு விளம்பரம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கூழையன் அதில் ஒரு பெண்பிள்ளையின் குரலில் பேசினான். எங்கள் கூழையன் இல்லை, அது யாரோ.

* * *

ஐந்து மணிக்கு அம்மா அடுப்பை அணைத்தாள். தலையை வாரிக்கொண்டாள். கூடத்தில் டிவிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கையில் ஜெபமாலை இருந்தது, ஆனால் உருட்டவில்லை.

"யாரும் வாராங்களாம்மா?"

"பேசாம இரு."

தெருவில் சைக்கிள் மணிச் சத்தம் போய் மறைந்தது. கடலின் இரைச்சலும் திடீரென்று தணிந்தது. காற்று விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் படம் கண்ணாடி போலத் தெரியும் நேரம் அது. கூடத்துக்குள் மெல்ல ஒரு வாசனை வந்தது. ஈரச் சிமெண்டும் சுட்ட செம்புக் கம்பியும் கலந்த வாசனை.

மேலே இரும்பு இரும்போடு உரசியது.

கர்ர்ர்.

நின்றது. மறுபடி, கொஞ்சம் நீளமாக.

கர்ர்ர்ர்.

மாடியில் ஆன்டெனாக் குழாய் இல்லை. அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் அய்யா அதைப் பிடுங்கி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் குருசடித் தீவுக்கு அப்பால் கடலில் போட்டுவிட்டு வந்தார். அது எனக்குத் தெரியும். நான் கரையில் நின்று பார்த்தேன்.

"தெரியுதா?"

மச்சுக்கு மேலிருந்து, கையைக் குவித்துக் கத்துகிற பிள்ளையின் குரல். உடைவதற்கு முந்தைய குரல்.

என் அம்மா தலையை உயர்த்தி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலச் சொன்னாள்.

"தெரியுதுய்யா. எறங்கி வா."

மேலே பாதம் இடம் மாறியது. காரைத் துகள் டிவியின் மேல் உதிர்ந்தது.

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுய்யா. போதும், வா."

மூன்றாவது முறை அந்தக் குரல் அவளைக் கேட்கவில்லை.

"பிரகாசி, தெரியுதா?"

என் வாய் திறக்கவில்லை.  ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. காற்று மறுபடி எழுந்தது. வாசனை போய்விட்டது.

அம்மா எழுந்து டிவியின் மேல் விழுந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"மத்த நாள்ல ஒரு தடவதான் கேப்பான். நீ இருக்கேன்னு தெரிஞ்சிருக்கு."

"எத்தன வருசமா?"

"அவன் போன மறு சனிக்கெழமையிலருந்து. இப்ப தெனமும். ஒங்கய்யாவுக்குக் கேக்கல. கேட்டிருந்தா இன்னும் சீக்கிரமாப் போயிருப்பாரு." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நான் சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், எறங்க மாட்டேங்குறான். அவன் எறங்காம நான் எங்கன வாரது? நானும் போயிட்டா அவனுக்குப் பதில் சொல்ல யாரு இருக்கா?"

அய்யா, வியாகுலம், பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இறந்தார். "ரெண்டு கொழாய ஒட்டுப்போட்டேனே, ஒத்தக் கொழாய் போதாதா" என்பதைத் தவிர, மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதங்களில் அவர் வேறு எதுவும் பேசவில்லை. நான் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு உண்மையைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருடம் இருந்தது.

அன்று இரவு அல்ல, அப்போதே, விளக்கைக்கூடப் போடாமல் அம்மாவிடம் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெருப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. கடைசி வாரம். சந்தியாகு ஈர மாடியில் வெறுங்காலோடு ஏறிப் போனான். முதல் பாதி முடிந்து பால்மாவு விளம்பரம் வந்தது. நான் ஏற வேண்டிய முறை.

"தெரியுதா?" என்றான்.

கண்ணாடி போலத் தெரிந்தது. கூழையன் கடற்கரைக்கு வந்துவிட்டான். விளக்கு அவ்வளவு கிட்டே இருந்தது. நான் ஏறினால் அது போய்விடும்.

"தெரியல!" என்றேன். "புள்ளி புள்ளியா இருக்கு!"

"இப்ப?"

"தெரியல. இன்னும் கொஞ்சம் சோழகத்துக்கு!"

சோழகத்துப் பக்கம்தான் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி. அதைத் தாண்டித் திருப்பக் கூடாது என்று அய்யா குழாயில் படகுக்கு அடிக்கும் நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருந்தார். கோடு வரைக்கும் திருப்பியும் தெரியவில்லை என்றால் குழாயைக் குழியிலிருந்து தூக்கித்தான் சாய்க்க வேண்டும். அவன் தூக்கியிருக்கிறான்.

ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. தெரு முழுக்க மின்சாரம் போனது.

நான் இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கோபத்தில் கத்தினேன்.

"ஒழுங்காப் பிடிண்ணே!"

அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அது.

சொல்லி முடித்தேன்.  வெளியே மழை தூறத் தொடங்கி, ஓய்ந்து, மறுபடி தூறியது. அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

"நான் அன்னைக்கி அடுப்பங்கரை நெலையில நின்னேன்" என்றாள். "கையெல்லாம் மாவு. படம் நல்லாத்தான் தெரிஞ்சிச்சு. நீ பொய் சொல்றதக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கள்ளச்சிறுக்கி எப்புடி ஏமாத்துறா பாருன்னு. அந்த வாத்து அழகா இருந்துச்சா, நானும் நின்னு பாத்துட்டேன். 'போதும், பிள்ளைய எறங்கச் சொல்லு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல."

அவள் கை இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தது. குளிர்ந்திருந்தது.

"ஒங்கய்யாகிட்ட நானும் சொல்லல, பிள்ள."

* * *

மறுநாள் காலையில் ஆன்டனி ராஜ் வாசலோடு நின்று மீன் பையை நீட்டினான். அவன் முப்பத்தேழு வருடமாக எங்கள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

"கேட்டியா?" என்றான்.

தலையசைத்தேன்.

"நான் ஒரு தடவ கேட்டேன். அன்னையிலருந்து அஞ்சர மணிக்கு இந்தப் பக்கம் வாரதில்ல. குடிச்சிருந்தாக்கூட." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஏ பிரகாசி, கூழையன் கடைசியில போய்ச் சேந்தானா? நம்ம தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது. கரண்டு போயிருச்சுல்ல."

"எனக்கும் தெரியாதுண்ணே."

"அவன் இருந்தா ஏதாச்சும் சொல்லி முடிச்சு வச்சிருப்பான்."

அவன் போன பிறகு நான் நிலைப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். அம்மா சொல்லும் பதிலால் அவன் இறங்கவில்லை. நான் சொன்னாலும் இறங்குவானா? அவனுக்கு நான் ஒரு சொல் மட்டும் கொடுக்க வேண்டியதில்லை. என் முறையைக் கொடுக்க வேண்டும். பந்தயத்தில் நான் தோற்றிருக்கிறேன். அன்று முழுக்க மேலே நின்றிருக்க வேண்டியவள் நான்.

"நான் மேல போறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். "அவன் கீழ வரட்டும். வந்து உக்காந்து பாக்கட்டும். பாத்து முடிச்சிட்டா நீ எங்கூட வந்துரணும்."

 அம்மா எழுந்து தன் சேலைகளை மடிக்கத் தொடங்கினாள். கடைசியாக மாதா சொரூபத்தை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள்.

ஐந்து மணிக்கு ஆன்டனி ராஜ் ஒரு ஆட்டோவோடு தெருமுனையில் நின்றான். அம்மாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். வீட்டில் யாரும் இல்லை. டிவியின் தலையில் வெறும் பின்னல் துணி. ஐந்தரை ஆகப்போகும்போது அதன் மேல் என் போனைச் சாய்த்து வைத்து, மாஷிதா அனுப்பிய படத்தைப் பால்மாவு விளம்பரத்திலிருந்து ஓடவிட்டேன். மீதி பதினோரு நிமிடம்தான். சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் படியேறினேன்.

ஒவ்வொரு படியிலும் காரை காலடியில் நொறுங்கியது. மாடியில் மழைநீர் தேங்கிப் பாசி படர்ந்திருந்தது. நடுவில் அய்யா புதைத்த தடித்த குழாயின் குழி. விளிம்பெல்லாம் துரு. உள்ளே தண்ணீர்.

அதற்கு முன்னால் வெறுங்காலோடு நின்றேன். இங்கிருந்து எல்லாம் தெரிந்தது. கடல், தீவு, கோயில் கோபுரம், தெருமுனையில் பையை அணைத்தபடி நிற்கும் அம்மா. அவன் வாராவாரம் பார்த்தது இதுதான். கூழையனை அல்ல.

காற்று விழுந்தது.

"அண்ணே" என்றேன். "துண்டு பச்சைதான். நீ ஜெயிச்சிட்ட. இன்னைக்கி நான் பிடிக்கிறேன். நீ போய்ப் பாரு."

எதுவும் நடக்கவில்லை. பிறகு என் பக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒரு சின்ன அசைவு. அடுத்தது படியருகே. சின்னப் பாதம் ஒன்று அவசரமாக ஓடுவது போல.

படிகளில் தடதடவென்ற சத்தம் கீழே இறங்கியது.

குழிக்கு மேலே கைகளை நீட்டினேன். அங்கே எதுவும் இல்லை. ஆனால் என் உள்ளங்கைகளில் குளிர்ந்த, ஈரமான, உருண்டையான இரும்பு வந்து பொருந்தியது. கனமாக இருந்தது. ஒன்பது வயதில் அது எனக்கு எவ்வளவு கனமாக இருந்ததோ, அவ்வளவு.

கீழே விளம்பரப் பாட்டு முடிந்தது. படத்தின் இசை தொடங்கியது. அந்தப் பெண்பிள்ளையின் சிங்களக் குரல் கேட்டது. அது மெல்ல மங்கியது. அதன் மேல் இன்னொரு குரல் ஏறியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கரகரவென்று.

"ஏலே வெளக்கு, கண்ண மூடாத. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதால் அவனுக்கு வசனம் கேட்காதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதேன். பத்து நிமிடம் இருக்கும். இருபது இருக்கும். ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. படம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கூழையன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். கை மரத்துப்போனது, விடவில்லை. காலடியில் காரை பொலபொலவென்று உதிர்ந்து கூடத்துக்குள் விழும் சத்தம் கேட்டது.

முப்பத்தேழு வருடமாக நான் யாரிடமும் கேட்காத சொல்லைக் குனிந்து கீழே கேட்டேன்.

"தெரியுதாண்ணே?"

பேச்சு நின்றது.



பிறகு, காலி வீட்டிலிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பிள்ளை சொன்னது.

"தெரியல. புள்ளி புள்ளியா இருக்கு."

அது பொய். எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. படம் முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை சொல்லும் பொய் அது. அதில் கோபமே இல்லை.

"இன்னும் கொஞ்சம் சோழகத்துக்கு."

சோழகத்துப் பக்கம் பார்த்தேன். மின்கம்பியை அண்ணன் இறந்த வருடமே இடம் மாற்றிவிட்டார்கள். அங்கே மங்கலான வானம் மட்டும்தான் இருந்தது. அந்த வெற்றிடத்தில் மெல்லிய ரீங்காரம் ஒன்று தொடங்கியது. சுட்ட செம்பின் வாசனை வந்தது.

தெருமுனையிலிருந்து அம்மா கையைக் குவித்துக் கத்தினாள்.

"ஏ பிள்ள, அவன் என்ன சொல்றான்?"

அவளுக்குக் கேட்கவில்லை. முதல் முறையாக அவளுக்குக் கேட்கவில்லை.

"தெரியுதுன்னு சொல்றாம்மா!" என்று கத்தினேன். "நல்லாத் தெரியுதாம். நீ வண்டியில ஏறு, நான் வாரேன்!"

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஆன்டனி ராஜ் அவள் கையைப் பிடித்து ஏற்றுவதையும், ஆட்டோவின் விளக்கு எரிவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையில் இருந்த இரும்பில், என் பெருவிரலுக்கு நேராக, நீலக் கோடு தெரிந்தது.

"பிரகாசி" என்றது கீழே. "இன்னும் கொஞ்சம்."

நான் திருப்பினேன்.